சினைப்பை நீர்க்கட்டிக்கான அறுவைச் சிகிச்சையும் ஒட்டுத்திசு இடரும்: ஒரு வரலாற்று ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

சினைப்பையின் ஒரு பகுதியை ஆப்பு வடிவில் வெட்டியெடுத்தால் நின்றுபோன மாதவிடாய் மீளும் என்பதைச் சிகாகோ நகர மருத்துவர்களான ஸ்டெய்ன், லெவெந்தால் ஆகிய இருவரும் 1935-ஆம் ஆண்டில் அறிவித்தனர். அதன்பின் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக, நீர்க்கட்டியால் விளையும் குழந்தைப்பேறின்மைக்கு இவ்வறுவையே முதன்மைச் சிகிச்சையாக விளங்கியது. சினைமுட்டை வெளிவர வழிசெய்த அதே காயம், சினைப்பையைச் சுற்றி ஒட்டுத்திசுவை வளர்த்துக் கருக்குழாயின் இயக்கத்தைத் தடுக்கவும் கூடும் என்பது 1969-க்குப் பின்னரே பரவலாக ஏற்கப்பட்டது. இக்காலத்தாழ்வு ஏன் நேர்ந்தது என்பதையும், அறுவை முறை பின்னர் எவ்வாறு மாறியது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கின்றது. சிகிச்சையின் பயன் எளிதில் எண்ணத்தக்கதாக இருந்தது. தீங்கோ வயிற்றறையை மறுமுறை நோக்கினாலன்றிக் காண இயலாததாக இருந்தது. ஆகவே ஒட்டுத்திசு குறித்த எண்கள் அனைத்தும், யார் மறுமுறை பார்க்கப்பட்டனர் என்ற வினாவோடு சேர்த்தே படிக்கத்தக்கவை என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச் சொற்கள்: சினைப்பை நீர்க்கட்டி, ஆப்பு வெட்டு, ஒட்டுத்திசு, லேப்ராஸ்கோபி, சினைப்பைத் துளையிடல், குழந்தைப்பேறின்மை, மருத்துவ வரலாறு.

முன்னுரை

மருத்துவ வரலாறு பெரும்பாலும் கண்டுபிடிப்புகளின் வரலாறாகவே எழுதப்படுகின்றது. ஒரு சிகிச்சை எப்போது தோன்றியது, யாரால் தோன்றியது என்பன முதலிடம் பெறுகின்றன. அச்சிகிச்சை விளைவித்த தீங்கு எப்போது, எவ்வாறு அறியப்பட்டது என்னும் வினா பின்னுக்குத் தள்ளப்படுகின்றது. சினைப்பை நீர்க்கட்டிக்கான அறுவைச் சிகிச்சை இவ்விரு வினாக்களையும் ஒருங்கே எழுப்பும் சிறந்த எடுத்துக்காட்டாகும்.

சினைப்பை நீர்க்கட்டி நோயில் சினைப்பையின் புறணியில் முதிர்ச்சியடையாத நுண்பைகள் பல தேங்கி நிற்கின்றன. மாதவிடாய் தவறுதல், சினைமுட்டை வெளிவராமை, ஆண்ட்ரோஜன் மிகையால் முகத்திலும் உடலிலும் முடி வளர்தல் ஆகியன இதன் பொதுவான அறிகுறிகள். ‘கட்டி’ என்று வழங்கினும் இவை புற்றோ தனித்த கழலையோ அல்ல. வளர்ச்சி தடைப்பட்ட நுண்பைகளே ஆகும். இந்நோய்க்குச் சினைப்பையின் மீது செய்யப்படும் எவ்வகை அறுவையும் ஒரு காயமே. அக்காயம் நோயைத் தணிக்கும் முறையையும், ஆறும்போது அயலுறுப்புகளோடு பிணையும் முறையையும் பிரித்துப் பார்க்க மருத்துவம் ஏறத்தாழ அரை நூற்றாண்டு எடுத்துக்கொண்டது.

ஸ்டெய்ன், லெவெந்தாலுக்கு முன்

இத்தாலிய மருத்துவரும் இயற்கையறிஞருமான அன்டோனியோ வாலிஸ்னேரி 1721-ஆம் ஆண்டில், உடல் பருத்த, குழந்தைப்பேறில்லாத இளம் உழவர்குலப் பெண் ஒருவரின் சினைப்பைகள் இயல்பினும் பெரியனவாய், வெண்ணிறமாய்ப் பளபளப்புடன் புறாமுட்டை அளவில் இருந்தனவென விவரித்தார். 1844-இல் பிரான்சின் ஷெரோ, இழை தடித்து நீர்ப்பைகள் நிறைந்த சினைப்பையைப் பற்றி எழுதினார். இவ்விரு குறிப்புகளும் உறுப்பின் தோற்றத்தைக் கூறுகின்றனவே அன்றிச் சிகிச்சையைக் கூறவில்லை.

அறுவை சார்ந்த சிந்தனை 1872-இல் வேறொரு திசையில் தொடங்கியது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்து ராபர்ட் பாட்டி, ஜெர்மனியின் ஆல்ஃபிரட் ஹேகார், இங்கிலாந்தின் லாசன் டெய்ட் ஆகிய மூவரும் அவ்வாண்டில் தனித்தனியே சினைப்பைகளை முழுமையாக அகற்றும் அறுவையைச் செய்தனர். வலி, மாதவிடாய்க் கோளாறு, நரம்புத் தளர்ச்சி எனப் பல காரணங்களுக்காகவும் இது செய்யப்பட்டது. சினைப்பையை இழந்த பெண் தாய்மை வாய்ப்பையும் இழந்தாள். இவ்வறுவை அளவின்றிப் பரவியதைக் கண்டித்த குரல்கள் அந்நூற்றாண்டின் இறுதியில் வலுத்தன.

அக்கண்டனத்தின் விளைவாகவே உறுப்பைக் காக்கும் அறுவை உருப்பெற்றது. பாரிசின் சாமுவேல் போசி, நோயுற்ற பகுதியை மட்டும் வெட்டியெடுப்பதையும், நீர்ப்பைகளைச் சூடேற்றிய முனையால் துளைப்பதையும் 1890-களில் பரிந்துரைத்தார். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பரவலான ‘துளையிடல்’ முறைக்கு இதனை முன்னோடி எனலாம். எனினும் இம்முயற்சிகள் வலி தீர்க்கும் நோக்கில் அமைந்தனவே அன்றிச் சினைமுட்டையை வெளிவரச் செய்யும் நோக்கில் அமைந்தவை அல்ல. சினைப்பைக்கும் மூளையடிச் சுரப்பிக்கும் இடையிலான தொடர்பு அன்று அறியப்படாதிருந்தமையே அதற்குக் காரணம்.

1935: ஆப்பு வெட்டும் வெற்றிக் கணக்கும்

சிகாகோவின் மைக்கேல் ரீஸ் மருத்துவமனையைச் சேர்ந்த இர்விங் ஸ்டெய்ன், மைக்கேல் லெவெந்தால் ஆகிய இருவரும் மாதவிடாய் நின்ற ஏழு பெண்களைப் பற்றிய கட்டுரையை 1935-இல் வெளியிட்டனர். வயிற்றறையில் வளியைச் செலுத்தி எக்ஸ்-கதிர்ப் படமெடுக்கும் முறையில் ஸ்டெய்ன் தேர்ச்சி பெற்றிருந்தார். மீயொலிக் கருவி இல்லாத அக்காலத்தில், சினைப்பை பெருத்திருப்பதை வயிற்றைத் திறக்காமலேயே காண அம்முறை உதவியது. நோயின் காரணத்தை அறியும் பொருட்டுச் சினைப்பையிலிருந்து திசுத் துண்டு எடுக்கப்பட்ட பெண்களிடம் மாதவிடாய் மீண்டதை அவர்கள் கவனித்தனர். ஆய்வுக்கெனச் செய்த வெட்டே இவ்வாறு சிகிச்சையாயிற்று.

ஒவ்வொரு சினைப்பையிலும் பாதி முதல் முக்கால் பங்கு வரை ஆப்பு வடிவில் அகற்றி, எஞ்சிய விளிம்புகளைத் தைத்து மூடுவது அவர்கள் கையாண்ட முறை. எழுவரிடமும் மாதவிடாய் மீண்டது, இருவர் கருத்தரித்தனர். தடித்த புறத்தோலும் நெருங்கிய நீர்ப்பைகளும் சினைமுட்டை மேற்பரப்பை அடையாதவாறு தடுக்கின்றன என்றும், வெட்டு அத்தடையை நீக்குகின்றது என்றும் அவர்கள் விளக்கினர். சுவரை இடித்தால் வழி பிறக்கும் என்னும் இவ்விளக்கம் எளிமையானது. ஆகவே விரைவில் ஏற்கப்பட்டது.

இவ்விளக்கம் பின்னர்த் திருத்தம் பெற்றது. ஆப்பு வெட்டுக்குப்பின் குருதியில் ஆண்ட்ரோஜன் அளவு குறைவதை ஜட், யென் முதலியோர் 1976-இல் அளந்து காட்டினர். ஆண்ட்ரோஜன் சுரக்கும் திசு குறைவதால் மூளையடிச் சுரப்பியோடு நிகழும் ஹார்மோன் உரையாடல் சீரடைகின்றது என்ற கருத்து வலுப்பெற்றது. ஒரு பக்கச் சினைப்பையை மட்டும் மின்வெப்பத்தால் துளைத்த பின்னர் இரு சினைப்பைகளிலிருந்தும் சினைமுட்டை வெளிவந்ததைப் பேலன், ஜேக்கப்ஸ் ஆகியோர் 1994-இல் காட்டினர். சுவரை இடிப்பதே பயனுக்குக் காரணமாயின், தொடப்படாத சினைப்பை இயங்கியிருக்க இயலாது.

ஸ்டெய்ன் தம் நீண்டகால அனுபவத்தை 1964-இல் தொகுத்தளித்தார். 108 பெண்களுள் ஏறத்தாழ 95 விழுக்காட்டினரிடம் மாதவிடாய் சீரானதாகவும், ஏறத்தாழ 85 விழுக்காட்டினர் கருத்தரித்ததாகவும் அத்தொகுப்புக் கூறியது. அக்காலத்தை ஒட்டி, கோல்ட்சீகரும் அவர்தம் உடனாய்வாளரும் 187 வெளியீடுகளிலிருந்து 1079 பெண்களின் விவரங்களைத் திரட்டினர். சராசரியாக 80 விழுக்காட்டினரிடம் மாதவிடாய் சீரானது. 63 விழுக்காட்டினர் கருத்தரித்தனர். ஆயின் கருத்தரித்தோர் விகிதம் 13 முதல் 89 விழுக்காடு வரை வெளியீட்டுக்கு வெளியீடு வேறுபட்டது. சராசரியைக் காட்டிலும் இவ்வேறுபாடே வரலாற்று ஆய்வாளரின் கவனத்துக்குரியது. மாதவிடாய் மீண்டும், சினைமுட்டை வெளிவந்தும், கருத்தரிக்காத பெண்கள் கணிசமாக இருந்தனர் என்பதை இவ்வெண்கள் அன்றே கூறின. அவர்களுக்கு நேர்ந்தது யாது என்னும் வினா அப்போது உரக்கக் கேட்கப்படவில்லை.

காயம் ஆறும் முறையும் ஒட்டுத்திசுவும்

அவ்வினாவின் விடை வயிற்றறையின் ஆறும் இயல்பில் உள்ளது. வயிற்றறை உறுப்புகளைப் போர்த்தியுள்ள மென்படலம் கிழியும்போது அவ்விடத்தில் ஃபைப்ரின் என்னும் இழைப்புரதம் படிகின்றது. இயல்பான நிலையில், படலத்தின் உயிரணுக்கள் சுரக்கும் நொதிகள் அவ்விழையைச் சில நாள்களுக்குள் கரைத்துவிடுகின்றன. ஏறத்தாழ ஒரு வாரத்தில் புதிய படலம் மூடிக்கொள்கின்றது. குருதியோட்டம் குன்றிய இடத்தில் இக்கரைப்பு நிகழ்வதில்லை. கரையாத இழைவலையில் நார்த்திசு உயிரணுக்களும் பின்னர் நுண்குருதிக் குழாய்களும் புகுந்து, அருகருகே கிடக்கும் இரண்டு பரப்புகளை நிலையாகப் பிணைக்கின்றன. இப்பிணைப்பே ஒட்டுத்திசு.

படலம் இல்லாமல் வெறுமையாக விடப்பட்ட பரப்பு பெரும்பாலும் ஒட்டாமலே ஆறுவதையும், இறுகத் தைத்து மூடப்பட்ட பரப்பே அதிகம் ஒட்டுவதையும் பிரித்தானிய அறுவை மருத்துவர் ஹெரால்டு எல்லிஸ் 1962-இல் வெளியிட்ட விலங்கு ஆய்வில் காட்டினார். தையல் திசுவை நெரித்துக் குருதியோட்டத்தைத் தடுப்பதே இதற்குக் காரணம். காயத்தை ஒழுங்குற மூடுவதே நல்ல அறுவை என்று கருதிய தலைமுறைக்கு இம்முடிவு வியப்பளித்தது.

இவ்வறிவைச் சினைப்பையின் மீது பொருத்திப் பார்த்தால் ஆப்பு வெட்டின் இடர் தெளிவாகும். சினைப்பையைப் போர்த்தியிருப்பது ஒற்றை அடுக்கு உயிரணுப் படலமே. தொட்டாலே சிதையும் தன்மையது. பாதிக்கு மேல் வெட்டப்பட்ட சினைப்பையில் குருதிக்கசிவை நிறுத்தத் தையல்கள் பல தேவைப்பட்டன. வயிறு முழுதாகத் திறக்கப்பட்டதால் உறுப்புகள் உலர்ந்தன, துணிப்பஞ்சு உராய்ந்தது, அறுவைக் கையுறையின் மாவும் உட்புகுந்து அழற்சியை உண்டாக்கியது. இத்தனைக்கும் அண்மையில், சினைமுட்டையைப் பற்றிக்கொள்ள வேண்டிய கருக்குழாயின் விரல் போன்ற முனை அசைந்துகொண்டிருக்கின்றது. அம்முனை சினைப்பையோடு ஒட்டினாலும், இரண்டுக்கும் இடையில் திரைபோலத் திசு படர்ந்தாலும், வெளிவரும் முட்டை குழாயை அடைவதில்லை. ஹார்மோன் குறையால் விளைந்த குழந்தைப்பேறின்மை, இயக்கத் தடையால் விளைந்த குழந்தைப்பேறின்மையாக மாறிவிடுகின்றது.

மருந்தின் வருகையும் மறுபார்வையும் (1961–1981)

குளோமிஃபீன் என்னும் மருந்து சினைமுட்டையை வெளிவரச் செய்வதைக் கிரீன்பிளாட்டும் அவர்தம் குழுவினரும் 1961-இல் அறிவித்தனர். 1967-இல் அது அமெரிக்காவில் அரசு ஒப்புதல் பெற்றது. விழுங்கத்தக்க மாத்திரை ஒன்று அறுவைக்கு மாற்றாக வந்தபின்னரே, அறுவையின் விலை என்ன என்ற கணக்கு மருத்துவருக்குத் தேவைப்பட்டது. மாற்று வழியில்லாதபோது இடர் பொறுத்துக்கொள்ளப்படுகின்றது. மாற்று வந்ததும் எடைபோடப்படுகின்றது.

அதே காலத்தில் எடைபோடும் கருவியும் கிட்டியது. பாரிசின் ராவுல் பால்மர் 1940-களிலிருந்து வளர்த்தெடுத்த லேப்ராஸ்கோபி, 1960-களின் இறுதியில் பல நாடுகளில் வழக்குக்கு வந்தது. கொப்பூழருகே சிறு துளையிட்டு வயிற்றறையைக் காணும் இம்முறையால், ஆப்பு வெட்டுக்குப்பின் கருத்தரிக்காத பெண்களின் உள்நிலையைப் பெரிய அறுவையின்றிக் காண முடிந்தது.

1969-இல் பாஸ்டன் நகர மருத்துவர் ராபர்ட் கிஸ்ட்னர், ஆப்பு வெட்டுக்குப்பின் கருக்குழாயையும் சினைப்பையையும் சுற்றி உண்டான ஒட்டுத்திசுவைப் பற்றித் தனிக்கட்டுரை வெளியிட்டார். 1975-இல் பட்ரம், வாக்கேரோ ஆகிய இருவரும், ஆப்பு வெட்டுக்குப்பின் மறுபார்வைக்கு உட்பட்ட பெண்கள் அனைவரிடமும் ஒட்டுத்திசு இருந்ததெனத் தெரிவித்தனர். அதே ஆண்டில் வைன்ஸ்டைன், பொலிஷுக் ஆகியோரும், 1976-இல் டோவாஃப் குழுவினரும், ஆப்பு வெட்டையே இயக்கத் தடைக்கான காரணமாகச் சுட்டினர். நாற்பது ஆண்டுகள் வெற்றியாக எண்ணப்பட்ட சிகிச்சை, ஆறேழு ஆண்டுகளுக்குள் ஐயத்துக்குரியதாயிற்று.

எனினும் இவ்வெண்களையும் வரலாற்று நோக்கில் ஆய்ந்தே ஏற்றல் வேண்டும். மறுபார்வைக்கு உட்பட்டோர் பெரும்பாலும் கருத்தரிக்காதவர்களே. கருத்தரித்துக் குழந்தை பெற்ற பெண்ணின் வயிற்றறையை எவரும் திறந்து பார்க்கவில்லை. அவர்களிடம் ஒட்டுத்திசு இருந்ததா என்பது கணக்கில் சேரவில்லை. ‘அனைவரிடமும்’ என்னும் சொல், பார்க்கப்பட்ட அனைவரையும் குறிக்குமே அன்றி, அறுவை செய்துகொண்ட அனைவரையும் குறிக்காது. ஸ்டெய்னின் கணக்கு பயனை மட்டும் எண்ணியதுபோல, 1970-களின் கணக்கு பயன்பெறாதோரை மட்டும் எண்ணியது. தெரிந்தெடுக்கப்படாமல் வரிசையாக வந்த 90 பெண்களின் விவரங்களைக் கொண்டு அடாஷி குழுவினர் 1981-இல் வெளியிட்ட ஆய்வு, இக்குறையை நீக்கும் திசையில் அமைந்த முயற்சியாகும். ஆயினும் அதற்குள் ஆப்பு வெட்டு வழக்கொழியத் தொடங்கியிருந்தது.

வெட்டிலிருந்து துளைக்கு

ஒட்டுத்திசுவைக் காட்டிக்கொடுத்த கருவியே புதிய அறுவைக்கும் வழி திறந்தது. லேப்ராஸ்கோபி வழியே சினைப்பையிலிருந்து சிறு திசுத் துண்டு எடுத்தாலே பயன் கிட்டக்கூடும் என்பதைப் பால்மரும் த புரூவும் 1967-லேயே குறிப்பிட்டிருந்தனர். நார்வேயின் ஹால்வார்ட் யோன்னெஸ் 1984-இல் இதனை முறைப்படுத்தினார். லேப்ராஸ்கோபி வழியே மின்முனையைச் செலுத்திச் சினைப்பையின் மேற்பரப்பில் சில புள்ளிகளை வெப்பத்தால் துளைத்தார். 62 பெண்களுள் 92 விழுக்காட்டினரிடம் சினைமுட்டை வெளிவந்ததாக அவர் அறிவித்தார். வயிற்றைத் திறக்கவில்லை, தையல் இல்லை, குருதிக்கசிவு மிகக் குறைவு. ஒட்டுத்திசு உண்டாவதற்கான காரணங்களுள் பெரும்பாலானவை இம்முறையில் விலக்கப்பட்டன. லேசர் கதிரைக் கொண்டு இதே பயனை அடையும் முறைகளும் 1980-களின் இறுதியில் வெளிவந்தன.

அடுத்து எழுந்த வினா, எத்துணைக் காயம் போதும் என்பதாகும். யோன்னெஸ் ஒவ்வொரு புள்ளியிலும் 300 முதல் 400 வாட் திறனை ஐந்தாறு வினாடிகள் செலுத்தினார். பொறியில் குறித்த அளவைக் கொண்டு கணக்கிட்டால், ஒரு புள்ளிக்குக் குறைந்தது 1500 ஜூல் ஆகின்றது. அளவு மிகுந்தால் உறுப்பே அழியக்கூடும் என்பதை 1989-இல் தபிராஷ்ரஃபி வெளியிட்ட குறிப்பு உணர்த்தியது. அதில் துளையிடலுக்குப்பின் சினைப்பை கடுமையாகச் சுருங்கிய நிகழ்வு இடம்பெற்றது. லண்டனைச் சேர்ந்த ஆர்மார் குழுவினர் 1990-இல் வெளியிட்ட ஆய்வில் நான்கு புள்ளிகள், நான்கு வினாடிகள், 40 வாட் என்னும் அளவு கையாளப்பட்டது. ஒரு சினைப்பைக்கு மொத்தம் 640 ஜூல் மட்டுமே. ‘நான்கின் விதி’ எனப் பெயர்பெற்ற இவ்வளவிலும் பயன் குன்றவில்லை. ஷெஃபீல்டின் ஆமெர் குழுவினர் 2003-இல் வெளியிட்ட ஆய்வும் நான்கு துளைகளே போதும் என்னும் முடிவுக்கு வந்தது.

சினைப்பையின் முக்கால் பங்கை அகற்றிய 1935-ஆம் ஆண்டு முறையோடு நான்கு நுண்துளைகளை ஒப்பிட்டால், இவ்வறுவையின் வரலாறு காயத்தின் அளவைப் படிப்படியாகக் குறைத்த வரலாறே என்பது விளங்கும். ஒவ்வொரு படியிலும் பயன் ஏறக்குறைய நிலைத்திருக்க, காயம் மட்டும் சுருங்கியது. இதிலிருந்து ஒரு கசப்பான உண்மையும் பெறப்படுகின்றது. தொடக்ககாலப் பெண்கள் இழந்த திசுவின் பெரும்பகுதி, பயனுக்குத் தேவையற்ற இழப்பாகவே இருந்தது.

இரண்டாம் பார்வை: எண்களும் அவற்றின் பொருளும்

துளையிடல் ஒட்டுத்திசுவை ஒழித்ததா என்பதை அறிய, கருத்தரித்தல் எவ்வாறாயினும் குறித்த காலத்தில் மீண்டும் லேப்ராஸ்கோபி செய்து பார்க்கும் ‘இரண்டாம் பார்வை’ ஆய்வுகள் 1990-களில் நடத்தப்பட்டன. 1970-களின் கணக்கில் இருந்த சாய்வைக் களையும் முறையியல் முன்னேற்றமாக இதனைக் கொள்ளலாம்.

முடிவுகள் ஒன்றுபோல் அமையவில்லை. ஜெர்மனியின் நேத்தர், ஃபிஷர் ஆகியோர் 1993-இல் வெளியிட்ட ஆய்வில், மறுபார்வைக்கு உட்பட்டோருள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரிடம் ஒட்டுத்திசு காணப்பட்டது. அதே ஆண்டில் கிரீன்பிளாட், காஸ்பர் ஆகியோர் எட்டுப் பெண்களிடம் ஒரு பக்கச் சினைப்பையை மட்டும் ‘இன்டர்சீட்’ என்னும் கரையும் தடுப்புத் துணியால் மூடி, மறுபக்கத்தோடு ஒப்பிட்டனர். தடுப்புத் துணியால் தெளிவான நன்மை புலப்படவில்லை. ஒட்டுத்திசு பரவலாகவே இருந்தது. ஆனால் அதன் அளவுக்கும் கருத்தரித்தலுக்கும் தொடர்பு காணப்படவில்லை. இத்தாலியின் மெர்கோரியோ குழுவினர் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், மறுபார்வைக்கு உட்பட்ட பெண்களுள் 60 விழுக்காட்டினரிடம் ஒட்டுத்திசு இருந்தது. இடப்பக்கச் சினைப்பையிலேயே அது மிகுந்திருந்தது. பெருங்குடலின் வளைந்த கீழ்ப்பகுதி இடப்பக்கச் சினைப்பையை ஒட்டிக் கிடப்பது இதற்கு ஏற்ற விளக்கமாகும்.

ஒட்டுத்திசு இருத்தல் என்பதும், ஒட்டுத்திசுவால் கருத்தரித்தல் தடைப்படுதல் என்பதும் வெவ்வேறு என்பதை இவ்வாய்வுகள் உணர்த்தின. துருக்கியின் குர்கான் குழுவினர் 1992-இல் வெளியிட்ட ஆய்வு இதனை நேரடியாகவே சோதித்தது. லேசர் துளையிடல் செய்துகொண்ட 40 பெண்கள் சமவாய்ப்பு முறையில் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவினருக்குச் சில வாரங்களில் மீண்டும் லேப்ராஸ்கோபி செய்து ஒட்டுத்திசு நீக்கப்பட்டது. மற்றவருக்கு ஏதும் செய்யப்படவில்லை. கருத்தரித்தோர் விகிதத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தோன்றவில்லை. மெல்லிய சவ்வுபோல் ஆங்காங்கே படரும் ஒட்டுக்கும், குழாயின் முனையை மூடிவிடும் அடர்ந்த ஒட்டுக்கும் உள்ள வேறுபாடு இங்கு முதன்மை பெறுகின்றது. ஆப்பு வெட்டு பெரும்பாலும் பின்னதை விளைவித்தது. துளையிடல் பெரும்பாலும் முன்னதை விளைவிக்கின்றது. விழுக்காட்டை மட்டும் ஒப்பிடும் கட்டுரைகள் இவ்வேறுபாட்டைத் தவறவிடுகின்றன.

மருந்தோடு ஒப்பீடு: 2004 முதல் இன்றுவரை

நெதர்லாந்தில் பாயிராம் குழுவினர் 2004-இல் வெளியிட்ட ஆய்வு, குளோமிஃபீனுக்குக் கட்டுப்படாத 168 பெண்களைச் சமவாய்ப்பு முறையில் இரு குழுக்களாகப் பிரித்தது. ஒரு குழுவினர்க்கு மின்துளையிடலும், பயன் கிட்டாதபோது அதன்பின் மருந்துகளும் தரப்பட்டன. மறுகுழுவினர்க்குத் தொடக்கம் முதலே ஹார்மோன் ஊசி போடப்பட்டது. ஓராண்டு முடிவில் இரு குழுக்களிலும் தொடர்கருப்பம் 67 விழுக்காடாக ஒன்றுபோலவே அமைந்தது. ஆனால் ஊசிக் குழுவில் ஒன்பது பல்கருப்பங்களும், அறுவைக் குழுவில் ஒன்றுமட்டுமே ஒரு பல்கருப்பமும் நிகழ்ந்தன. இப்பெண்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து 2011-இல் நாஹுயிஸ் குழுவினர் வெளியிட்ட ஆய்வு, அறுவைக் குழுவினர்க்கு மேற்கொண்டு மருந்து குறைவாகவே தேவைப்பட்டதையும், இரண்டாம் குழந்தை பெறும் வாய்ப்பு மிகுந்திருந்ததையும் காட்டியது. துளையிடலால் உண்டாகும் ஒட்டுத்திசு கருக்குழாய்களைப் பரவலாகத் தடுப்பதாயின், அதன் விளைவு இரண்டாம் குழந்தையின் கணக்கிலேயே தெரிந்திருக்கும். இடர் குறித்த அச்சத்துக்கு நீண்டகாலச் சான்று தந்த விடையாக இதனைக் கருதலாம்.

2007-இல் கிரேக்க நாட்டின் தெசலோனிக்கியில் கூடிய வல்லுநர் மாநாடு, துளையிடலை ஊசியோடு சேர்த்து இரண்டாம் நிலைச் சிகிச்சையாக வகுத்தது. பின்னர், லெட்ரசோல் என்னும் மாத்திரை முன்னணிக்கு வந்தது. 750 பெண்களைக் கொண்டு அமெரிக்காவில் நடத்தப்பட்டு 2014-இல் வெளியான லெக்ரோ குழுவினரின் ஆய்வில், லெட்ரசோல் உட்கொண்டோருள் 27.5 விழுக்காட்டினரும், குளோமிஃபீன் உட்கொண்டோருள் 19.1 விழுக்காட்டினரும் குழந்தை பெற்றனர். இந்தியாவில் 2011-இல் குழந்தைப்பேறின்மைக்கு லெட்ரசோலைப் பயன்படுத்துவது தடைசெய்யப்பட்டு, 2017-இல் அத்தடை நீக்கப்பட்டது. அவ்விடைக்காலத்தில், குளோமிஃபீன் பயனளிக்காத இந்தியப் பெண்களுக்கு எஞ்சியிருந்த வழிகளுள் விலையுயர்ந்த ஊசியும் அறுவையும் முதன்மையானவை. ஒரு மருந்தின் மீதான ஆணை, காயத்தின் மீதான தேர்வையும் பாதிக்கும் என்பதற்கு இது சான்று.

2018-இலும் 2023-இலும் வெளிவந்த பன்னாட்டு வழிகாட்டுநெறிகள் லெட்ரசோலை முதல்நிலை மருந்தாகவும், லேப்ராஸ்கோபி அறுவையை மருந்துக்குக் கட்டுப்படாதோர்க்கான இரண்டாம் நிலைச் சிகிச்சையாகவும் வைக்கின்றன. ஒட்டுத்திசுவோடு, சினைமுட்டை இருப்புக் குறைதலும் இன்று எடைபோடப்படும் இடராக உள்ளது. முடி வளர்தல், உடற்பருமன், மாதவிடாய்க் கோளாறு ஆகியவற்றுக்காக மட்டும் துளையிடுவது ஏற்கத்தக்கதன்று என்ற கருத்து மருத்துவர்களிடையே நிலைபெற்றுள்ளது.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றிலிருந்து மூன்று முடிபுகள் பெறப்படுகின்றன.

முதலாவது, ஒட்டுத்திசு இடர் முப்பது ஆண்டுகளுக்கு மேல் மறைந்திருந்தமைக்கு மருத்துவரின் கவனக்குறைவு மட்டும் காரணமன்று. மாதவிடாய் மீள்வதைப் பெண்ணே கூறுவாள்; ஒட்டுத்திசுவை எவராலும் கூற இயலாது. எண்ணத்தக்கது எண்ணப்பட்டது, எண்ண இயலாதது இல்லையெனக் கொள்ளப்பட்டது.

இரண்டாவது, இடர் வெளிப்பட மூன்று நிலைமைகள் ஒருங்கே அமையவேண்டியிருந்தது. அறுவைக்கு மாற்றாக மருந்து, உள்ளே நோக்கும் கருவி, காயம் ஆறுதல் பற்றிய ஆய்வறிவு என்னும் மூன்றும் 1960-களில் சேர்ந்தன. அதனாலேயே 1969-ஆம் ஆண்டின் கட்டுரை அடுத்த பத்தாண்டுக்குள் பலரால் பின்பற்றப்பட்டது.

மூன்றாவது, இடரைப் பற்றிய எண்ணும் சார்பற்றதன்று. ஆப்பு வெட்டின் வெற்றி விழுக்காடும், ஒட்டுத்திசுவின் ‘அனைவரிடமும்’ என்னும் கூற்றும், யாரை எண்ணினர் என்பதைப் பொறுத்தே பொருள் தருகின்றன. சினைப்பை நீர்க்கட்டிக்கு அறுவை செய்துகொள்ளலாமா என்று இன்று வினவும் பெண்ணுக்குப் பழைய எண்களை அப்படியே எடுத்துக்கூறுவது தவறான அச்சத்தையோ தவறான நம்பிக்கையையோ அளிக்கும். எவ்வகை அறுவை, எத்துணைக் காயம், மறுமுறை பார்க்கப்பட்டவர் யாவர் என்னும் மூன்றையும் சேர்த்துச் சொல்லும்போதே அவ்வெண் அவளுக்குப் பயன்படும் சான்றாகின்றது.